சட்ராஸ் கோட்டையும் இங்கிலீஷ் மீடியமும்

இங்கிலீஷ் இல்லைன்னா பொழைக்கவே முடியாதுங்கறவங்க ஒரு கோஷ்டி. இன்னும் அம்பது வருஷத்துல எல்லாரும் சீன மொழிதான் படிக்கணும்ங்கறவங்க இன்னொரு கோஷ்டி. ரெண்டு பேருக்கும் என் சிபாரிசு ஒண்ணுதான்: ஒரு ஞாயித்துக்கிழமை செங்கல்பட்டுல பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் போய்ட்டு வாங்க.

ஊருக்கு வடக்கே சாளுவன்குப்பம். புலிக்குகைக்குப் போறவங்க பல பேரு பக்கத்துல இருக்கற அதிரணசண்ட மண்டபத்தைக் கண்டுக்கறதில்லை. அங்க ஒரு சுவத்துல பல்லவ கிரந்த எழுத்துல சமஸ்கிருத சுலோகங்கள், இன்னொரு சுவத்துல அதையே நாகரி எழுத்துல வெட்டியிருக்காங்க. 8ஆம் நூற்றாண்டு சமாச்சாரம். ராஜாவோட பெருமை ஊர் தாண்டிப் போகணும்னா அன்னிக்கு அதுதான் மொழி. கடல் தாண்டி ஜாவா, கம்போடியா வரைக்கும் செல்லுபடியாச்சு.

தெற்கே கல்பாக்கம் பக்கத்துல சதுரங்கப்பட்டினம், அதாங்க சட்ராஸ். துணி வியாபாரத்துக்கு வந்த டச்சுக்காரங்க கட்டின கோட்டை இருக்கு. உள்ள கல்லறைகள் மேல டச்சு மொழியில செதுக்கினது இன்னும் அழகா இருக்கு. படிக்கத்தான் ஆளில்லை.

வேடிக்கை என்னன்னா, டச்சுக்காரங்க காலத்துலயும் கடற்கரை வியாபாரத்துல ஓடினது போர்ச்சுகீசியம்தான். 1698ல கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த சாசனத்துல, இங்க வர்ற பாதிரியார்கள் ஒரு வருஷத்துக்குள்ள போர்ச்சுகீசியம் கத்துக்கணும்னு நிபந்தனையே உண்டு. இங்கிலீஷ்காரனுக்கே இங்கிலீஷ் போதலை! இன்னிக்கு அந்த போர்ச்சுகீசியத்துல நம்மகிட்ட மிச்சம் ஜன்னல், மேஜை, அலமாரி, சாவி. டச்சுக்காரன் விட்டுட்டுப் போனது கக்கூஸ் :-)

அப்ப இங்கிலீஷும் போயிடுமா? சீக்கிரத்துல போகாது. அதுக்கு முதல்ல பிரிட்டன், அப்புறம் அமெரிக்கா, இப்ப கம்ப்யூட்டர்னு மாத்தி மாத்தி முட்டுக் கொடுக்க ஆள் இருக்கு. நமக்கோ இந்தியைத் தடுக்கற கேடயமும் அதுதான். 1965ல நடந்த போராட்டம் மறந்துடுமா என்ன? 2022ல மாமல்லபுரத்துல செஸ் ஒலிம்பியாட் நடந்தப்ப 180க்கும் மேற்பட்ட நாட்டுக்காரங்க வந்தாங்க. அத்தனை பேருக்கும் பொதுவா இருந்தது இங்கிலீஷ்தான். ஆனா 2019ல மோதியும் ஷி ஜின்பிங்கும் அதே ஊர்ல கோயில் சுத்தினப்ப, மொழிபெயர்ப்பாளர்கள் கூடவே நடந்தாங்க. இப்ப அந்த வேலையை செல்போனே ஓரளவுக்குச் செய்யுது. ஆக, இருக்கும், ஆனா இதே உசரத்துல இருக்கும்னு எழுதிக் கொடுக்க முடியாது.

இவ்வளவும் எதுக்கு சொல்றேன்னா, செங்கல்பட்டுல இருக்கற எங்க அக்கா பொண்ணு. வீட்டுலயும் இங்கிலீஷ்லயே பேசுங்கன்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்களாம். அக்காவும் அப்படியே செய்யறா. எங்கம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான். பாட்டிகிட்ட பேத்தி இப்ப "வாட்டர்", "ஸ்பூன்"னு ஒத்தை வார்த்தையோட சரி. ராத்திரி கதை கேக்கறது நின்னு போச்சு. அம்மா வாய்விட்டுச் சொல்லலை, ஆனா முகத்துல தெரியுது.

இங்கிலீஷ் வேண்டாம்னு நான் சொல்லலை. நல்லாவே படிக்கட்டும். ஆனா அந்தக் காலத்து சட்ராஸ் துணி வியாபாரி துறையில போர்ச்சுகீசியம் பேசியிருந்தாலும் வீட்டுக்குப் போய்த் தமிழ்தான் பேசியிருப்பான். அதனாலதான் அந்த மொழி போனப்ப அவன் பிள்ளைகளுக்கு நட்டமில்லை. அக்காகிட்ட இதைத்தான் சொல்லியிருக்கேன். யோசிக்கறேன்னிருக்கா.

உங்க வீட்டுல எப்படி மக்களே?