32ஆவது மாணவன்

சிறந்த விரிவுரையாளர் விருதுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி எங்கள் துறைத்தலைவர் மூன்று முறை வாட்ஸப் அனுப்பிவிட்டார். இங்கே கிடைத்தால் அடுத்து 'அனுகெரா அகாடமிக் நெகாரா'வுக்கும் முயலலாமாம். தேசிய அளவிலான அந்த விருதில் கற்பித்தலுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. பதவி உயர்வுக்கும் உதவும். ஆசை இல்லை என்று சொன்னால் பொய்.

பாரம் முழுக்க ஆதாரம் கேட்கிறது. பாடத்திட்டம், வகுப்பறைப் படங்கள், மதிப்பீட்டுப் புள்ளிகள், பழைய மாணவர் ஒருவரின் கடிதம். கடிதத்துக்கு ஒருவனைக் கேட்டேன். "நீங்களே எழுதிடுங்க சார், நான் சைன் போட்டுடறேன்லா" என்றான். சிரித்துவிட்டேன். அப்புறம் எழுதவும் உட்கார்ந்தேன், அது வேறு கதை.

மாணவர் மதிப்பீட்டில் எனக்கு ஐந்துக்கு 4.7. அதைத் தட்டச்சு செய்தபோதுதான் அவன் ஞாபகம் வந்தது. இரவெல்லாம் பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை. காலை எட்டு மணி வகுப்பில் தூங்கி விழுவான். ஒருநாள் எல்லார் முன்னாலும், "தூங்கறதுக்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமே" என்றேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆறாவது வாரத்துக்குப் பிறகு வரவில்லை. வேலை விஷயம் எனக்குத் தெரிந்ததே அதற்கப்புறம்தான்.

மதிப்பீட்டைப் பதினான்காவது வாரத்தில்தான் நிரப்பச் சொல்வார்கள். அந்த 4.7, மிச்சமிருந்தவர்கள் போட்டது.

'கற்பித்த மாணவர் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் 32 என்று போட்டேன். சிவப்பு எழுத்தில் பிழை காட்டியது. பதிவேட்டில் 31தான். இன்னும் மாற்றவில்லை. கெடு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி.