இரண்டு ஈஸ்டரும் ஒரே நாளில்

5 மார்ச் 2025, புதன்

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல். போன வருடம் மந்திரித்த குருத்தோலைகளை வீடுவீடாக வாங்கி, உபதேசியார் மண்சட்டியில் எரித்து, வேட்டித் துணியில் வஸ்திரகாயம் செய்து வைத்திருந்தார். அத்தனை ஓலைக்கும் ஒரு கிண்ணம்தான் தேறியது. தவக்காலம் 40 நாள் என்கிறீர்கள், எண்ணினால் 46 வருகிறதே என்று பக்கத்து வீட்டுப் பையன் மடக்கினான். ஆறு ஞாயிறுகளில் நோன்பு கிடையாது, கழித்துக்கொள் என்றேன்.

13 ஏப்ரல், குருத்து ஞாயிறு

பவனியில் நல்ல வெயில். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதை அடுத்த ஞாயிறு ஈஸ்டர். திருச்சபையின் பட்டியல்படி அந்தப் பௌர்ணமி இன்றைக்கு. பௌர்ணமியே ஞாயிறானால் மறு ஞாயிறுக்குத் தள்ள வேண்டும், அதனால் 20.

17 ஏப்ரல், பெரிய வியாழன்

திபிலீசியில் மருத்துவம் படிக்கும் தம்பி மகள் போன் செய்தாள். “பெரியப்பா, இங்கேயும் இந்த ஞாயிறுதான் ஈஸ்டராம். கிறிஸ்துமஸ் மட்டும் ஜனவரி 7இல் கொண்டாடினார்களே?”

ஜார்ஜிய ஆர்த்தடாக்ஸ் சபைக்கு இன்னும் பழைய ஜூலியன் நாட்காட்டி. 1582இல் பாப்பரசர் 13ஆம் கிரகோரி திருத்தியதை அவர்கள் ஏற்கவில்லை. இப்போது 13 நாள் வித்தியாசம். அவர்கள் பட்டியலில் பௌர்ணமி இன்றுதான். அதற்கும் அடுத்த ஞாயிறு 20தான்! எல்லோரும் ஒரே ஞாயிற்றில் கொண்டாட வேண்டும் என்று நீசேயா சங்கம் முடிவெடுத்தது 325இல். சரியாக 1700 வருடம். இந்த ஒற்றுமை பஞ்சாங்கம் போட்ட பிச்சை. ஆயர்கள் பேசி முடித்ததல்ல.

19 ஏப்ரல், சனி இரவு

வெளியே புதுத்தீ. பாஸ்கா மெழுகுதிரியில் சாமியார் கத்தியால் சிலுவை கீறி, அதன் நான்கு மூலைகளில் 2, 0, 2, 5 என்று எழுதி, ஐந்து சாம்பிராணிக் குமிழ்களைக் குத்தினார்: ஐந்து காயங்கள். வியாழனிலிருந்து ஊமையாய்க் கிடந்த மணிகள் ‘உன்னதங்களிலே’ தொடங்கியதும் ஒலித்தன. எனக்குக் கிறிஸ்துமஸைவிட இந்த இரவுதான் பெரிது.

21 ஏப்ரல், திங்கள்

மதியம் செய்தி: பாப்பரசர் பிரான்சிஸ் காலமானார். பொதுத் தேதி ஒன்றை எல்லோரும் விரும்பினால் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கத் தயார் என்று ஜனவரியில்தான் சொன்னார். இன்னும் எதுவும் முடிவாகவில்லை. 2026இல் நமக்கு ஈஸ்டர் ஏப்ரல் 5, திபிலீசியில் ஏப்ரல் 12.