மஞ்சும் புகையும்

போடியில் காலை வெயில் முதலில் ஊருக்கு வராது. மேற்கே மலை உச்சியில் விழுந்து, பாறை பாறையாக இறங்கித்தான் எங்கள் தெருவுக்கு வரும். அதுவரை அம்மாச்சி வாசல்படியில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இளவயதில் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டங்களில் காய் எடுத்தவள். முழங்கால் விட்டுப்போன பிறகு ஊருக்குள் ஒரு கிட்டங்கியில் சொளகை மடியில் வைத்துக் காய் பிரித்தாள். அவள் சேலையிலிருந்து அந்த வாசம் கடைசிவரை போகவில்லை.

1991இல் கருமாத்தூர் அருளானந்தர் கல்லூரியில் தத்துவம் படிக்கச் சேர்ந்தேன். தேனி, ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டி என்று பஸ் மாறிப் போகவேண்டும். முதலில் எடுத்த பாடம் அளவையியல். ஒரு பத்தியைக் கொடுத்து, இதில் முடிவு எது, அதைத் தாங்கும் எடுகூற்றுகள் எவை என்று கேட்பார்கள். ‘ஆகவே’, ‘ஏனென்றால்’ என்ற சொற்களுக்கு அடிக்கோடு போட்டுப் பழகினோம்.

தமிழில் காரணம் பெரும்பாலும் தனிச்சொல்லாக நிற்பதில்லை, வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது எனக்கு ஊருக்கு வந்தபோதுதான் தெரிந்தது. எங்கள் தெருமுனையில் விடியுமுன்னே தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் நிற்கும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். ஒருநாள் ஜீப் வரவில்லை. “மலையில மழை பெஞ்சதால ஜீப்பு வரல” என்றாள் பக்கத்து வீட்டு அத்தை. “ஜீப்பு வராததால மலையில மழைன்னு தெரியுது” என்றாள் அம்மாச்சி. இரண்டிலும் அதே ‘ஆல்’. ஆனால் அத்தை சொன்னது விளக்கம்: ஜீப் வராதது எல்லாருக்கும் தெரியும், ஏன் வரவில்லை என்று சொல்கிறாள். அம்மாச்சி சொன்னது வாதம்: தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு தெரியாத ஒன்றுக்குப் போகிறாள். வகுப்பில் இரண்டு வாரமாகக் குழம்பியது அந்த வாசலில் ஒரு நிமிடத்தில் தெளிந்தது.

சொல் ஒன்று, பொருள் இரண்டு என்ற பிழைக்கும் எங்கள் ஊரே பாடம். செடியும் ஏலம், விற்பனையும் ஏலம். முன்னது பழந்தமிழ்ச் சொல், பின்னது போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. ‘ஏலத்தில் விலை ஏறும்; இது ஏலம்; ஆகவே இதில் விலை ஏறும்’ என்று நோட்டில் எழுதிப் பார்த்தேன். மூன்று பதம் இருக்கவேண்டிய இடத்தில் நான்கு இருக்கின்றன. விலை இறங்கிய வருடங்களில் அந்த நான்காவது பதத்தின் எடை எத்தனை வீட்டில் தெரிந்தது!

கார்த்திகை மாத விடுமுறை ஒன்றில் குரங்கணிப் பக்க மடிப்பில் வெள்ளையாக ஏதோ கிளம்பியது. அதற்கு முந்தின வாரம்தான் இந்திய தருக்கத்தின் பழைய உதாரணத்தைப் படித்திருந்தோம்: மலையில் நெருப்பிருக்கிறது, புகை தெரிவதால், அடுக்களையைப் போல. “அம்மாச்சி, மலையில தீ” என்றேன். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “அது புகையில்லய்யா, மஞ்சு. புகைன்னா அடியில ஒரு எடத்தப் பிடிச்சு நிக்கும், திரியாட்டம் மேல போகும். மஞ்சுக்கு அடி கெடையாது, பக்கவாட்டுல நகரும். செத்த நேரம் பொறுத்துப் பாரு.” பொறுத்துப் பார்த்தேன். நகர்ந்தது.

விடுமுறை முடிந்து போனபோது ஆசிரியர் மணிமேகலையை எடுத்துவந்தார். 29ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நெறி சொல்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம். பிறகு இவற்றின் போலிகள், அதாவது சரியானவைபோலத் தோன்றும் பிழைகள். ஏதுப்போலியில் அசித்தம் ஒரு வகை. அதன் உட்பிரிவு சித்தாசித்தம். அதற்கு அங்கே தரப்பட்ட எடுத்துக்காட்டைக் கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது: எதிரே தெரிவது ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே, அதைப் புகை என்று கொண்டு நெருப்பு உண்டு எனத் துணிவது. போடியில் நான் செய்த அதே பிழைக்கு அந்தப் பழைய நூலில் பெயர் வைத்திருக்கிறார்கள். உ.வே. சாமிநாதையர் 1898இல் அச்சிட்ட நூல். எங்கள் தமிழ்ப் பாடத்தில் ஆபுத்திரனும் அமுதசுரபியும் வந்தார்கள், இந்தக் காதை வரவேயில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அரிஸ்டாட்டில் வழிவந்த முக்கூற்று முடிபில் ‘மனிதர் எல்லாரும் இறப்பவர்’ என்று தொடங்கினால் போதும். வடிவம் சரியாக இருந்தால் வாதம் செல்லும். நம் மரபு அதோடு விடுவதில்லை. புகையும் தீயும் சேர்ந்திருந்ததை எங்கே பார்த்தாய், காட்டு என்கிறது. வாதிடும் இருவரும் ஒப்புக்கொள்ளும் ஓர் இடம் வேண்டும். அதற்கு அடுக்களையைத் தேர்ந்தெடுத்தவன் யாரோ, அவன்மேல் எனக்குத் தீராத மரியாதை. எங்கள் வீட்டு அடுக்களையில் விறகடுப்பு. ஈர விறகு வைத்தால் கண் திறக்க முடியாது. தருக்க நூலின் சாட்சி அங்கே தினமும் எரிந்துகொண்டிருந்தது.

மலையில் நிஜப் புகையும் உண்டு. தோட்டத்து ஸ்டோர்களில் பச்சைக் காயை விறகுச் சூட்டில் உலர்த்துவார்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாக வற்றும். நிறம் போகாமல் காயவேண்டும் என்பதால் ராத்திரியும் ஆள் விழித்திருக்கும். “அந்தா, அது ஸ்டோர்ப் புகை” என்று அம்மாச்சி விரலை நீட்டினால் அதில் தப்பே இருக்காது.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீ பிடித்தது. மலையேறப் போனவர்கள் காய்ந்த புல்லுக்கு நடுவே சிக்கிக்கொண்டார்கள். இருபது பேருக்கு மேல் போய்விட்டார்கள். வெளியூரில் டிவி முன்னால் நின்று அந்தச் சரிவைப் பார்த்தேன். அது மஞ்சாக இருக்கக்கூடாதா என்று மனம் ஒரு கணம் கெஞ்சியது. அம்மாச்சி அப்போது இல்லை.

மீட்டர்கேஜ் ரயில் 2010 கடைசியில் நின்றபின் போடிக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ரயிலே இல்லை. 2023 ஜூனில் அகலப்பாதையில் மறுபடி வந்தது. அந்த வருடக் கடைசியில் அதில்தான் போய் இறங்கினேன். ஸ்டேஷனுக்கு வெளியே டீ வாங்கிக்கொண்டு திரும்பினால், குரங்கணிப் பக்கம் வெள்ளையாக ஒன்று. கடைக்காரரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டம்ளரைப் பிடித்தபடி அடி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.