உடைந்த வளையல்களின் தோட்டம்

சண்டிகர் நகரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் ஒரு வரைபடத்திலிருந்தே தொடங்குகின்றன. 1951-இல் லெ கார்பூசியே பொறுப்பேற்றது, செக்டார்களாகப் பகுக்கப்பட்ட நிலம், தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் உயர்நீதிமன்றமும் எழுந்தது, 2016-இல் அக்கட்டட வளாகம் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது என அக்கதை ஒழுங்காக நகர்கிறது. ஆனால் வரைபடம் வரையப்பட்ட நிலம் வெற்று நிலமாக இருக்கவில்லை. அங்கே சிற்றூர்கள் இருந்தன. நகரம் எழுவதற்காக அவை அகற்றப்பட்டன. அவ்வீடுகளிலிருந்து மிஞ்சிய ஓடுகளும் உடைந்த பாத்திரங்களும் வளையல் துண்டுகளும் குப்பையாகக் குவிந்தன. அக்குவியல்களின் முன் நின்று குனிந்து பொறுக்கிய ஒருவரின் கதை அதே நகரத்தின் இன்னொரு வரலாறாகும்.

நேக் சந்த் 1924-இல் இன்றைய பாகிஸ்தானில் உள்ள ஷகர்கர் பகுதியின் சிற்றூர் ஒன்றில், உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1947-இன் பிரிவினை அவரை ஊரை விட்டு வெளியேற்றியது. சில ஆண்டுகளுக்குப் பின் சண்டிகரின் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக வேலை கிடைத்தது. சொந்த ஊரை இழந்த ஒருவர், பிறருடைய ஊர்கள் அழிந்து புதுநகரம் எழுவதை, அந்நகரைக் கட்டும் துறையிலேயே சம்பளம் பெற்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முரண் அவருடைய கலையை அணுகுவதற்கான முதல் வாயில்.

1950-களின் இறுதியில் அவர் சேகரிக்கத் தொடங்கினார். பணி முடிந்த பின் மிதிவண்டியில் சென்று, சிவாலிக் அடிவாரத்து ஆற்றுப்படுகைகளிலிருந்து மனித உருவத்தையும் பறவையையும் நினைவூட்டும் கற்களைக் கொண்டுவந்தார். இடிபாடுகளிலிருந்து ஓடும் பீங்கானும் கண்ணாடியும் வந்தன. சுக்னா ஏரிக்கு அருகே, எவரும் எதுவும் கட்டக்கூடாது என்று ஒதுக்கப்பட்டிருந்த காட்டுநிலத்தில் அவற்றை மறைத்து வைத்தார். பின்னர் அங்கேயே சிற்பங்களை உருவாக்கத் தொடங்கினார். ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள், பெரும்பாலும் இரவுகளில், அதிகாரிகள் அறியாமல் அவ்வேலை நடந்தது.

கழிவுப் பொருட்களைக் கொண்டு செய்யும் கலையில் சேகரிப்பும் வகைபிரிப்பும் பாதி வேலை. இரும்புக் கம்பியையோ பழைய மிதிவண்டிச் சட்டகத்தையோ எலும்புக்கூடாக வைத்து, அதன்மேல் சிமெண்டுக் கலவையைப் பூசி, ஈரம் காயுமுன் துண்டுகளைப் பதிக்க வேண்டும். சிமெண்டு காத்திருக்காது. எனவே எந்த நிறத் துண்டு எந்தக் குவியலில் கிடக்கிறது என்பது கைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பளிங்கையோ மரத்தையோ செதுக்கும் சிற்பி தனக்கு வேண்டிய வடிவத்தைப் பொருளின் மேல் ஏற்றுகிறான். இங்கோ பொருள் முன்பே ஒரு வடிவத்தோடு வருகிறது. கோப்பையின் வளைவு தோளாகிறது. வளையல்களின் வரிசை ஆடையாகிறது. புதிய உருவத்துக்குள் புகுந்த பின்னும் கோப்பை கோப்பையாகவும் வளையல் வளையலாகவும் அடையாளம் காணப்படுகிறது. இந்த இரட்டை இருப்பே இக்கலையின் உயிர்.

இத்தகைய முயற்சி இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த சைமன் ரோடியா என்ற தொழிலாளி, 1921 முதல் 1954 வரை லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் இரும்பாலும் சிமெண்டாலும் கோபுரங்களை எழுப்பி, உடைந்த ஓடுகளையும் புட்டித் துண்டுகளையும் சிப்பிகளையும் பதித்தார். நகர நிர்வாகம் அவற்றை இடிக்க முனைந்தது. 1959-இல் நடத்தப்பட்ட இழுவிசைச் சோதனையில் கோபுரங்கள் உறுதியாக நின்றதால் அவை பிழைத்தன. இரு இடங்களிலும் கேள்வி ஒன்றே: அனுமதி பெறாத படைப்பை அரசு என்ன செய்யும்?

சண்டிகரில் அக்கேள்வி 1970-களின் நடுப்பகுதியில் எழுந்தது. சட்டப்படி அத்தோட்டம் ஓர் ஆக்கிரமிப்பு. இடிப்பதற்கு நிர்வாகத்துக்கு முழு உரிமை இருந்தது. ஆனால் பொதுமக்களின் ஆதரவு பெருகியது. 1976-இல் தோட்டம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. நேக் சந்துக்குச் சம்பளத்தோடு அதே பணி அளிக்கப்பட்டது. உதவிக்கு ஐம்பது தொழிலாளர்களும் கிடைத்தனர். 1984-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. முன்பு குற்றமாக இருந்த செயல் பின்பு பதவியாயிற்று. செயல் மாறவில்லை, அதற்கு அரசு வைத்த பெயர் மட்டுமே மாறியது.

பெயர் வைப்பதில் கல்வித்துறையும் பின்தங்கவில்லை. 1972-இல் ரோஜர் கார்டினல் தம் நூலின் வழியே பரவச் செய்த 'வெளியாள் கலை' என்னும் வகைமைக்குள் நேக் சந்தும் வைக்கப்படுகிறார். அவர் கலைப்பள்ளியில் பயிலவில்லை என்பது உண்மை. ஆயினும் சாலையும் சரளையும் சிமெண்டும் அவருடைய அன்றாடத் தொழிலறிவு. எந்தக் கலவை எவ்வளவு நாள் தாங்கும் என்பதை அறிந்தவரை 'வெளியாள்' என்பது எதற்கு வெளியே என்ற கேள்வியை எழுப்புகிறது. அருங்காட்சியகத்துக்கு வெளியே என்றால் சரி. நகரத்துக்கு வெளியே என்றால் தவறு. அந்நகரத்தை அவரைப் போல் உள்ளிருந்து அறிந்தவர் சிலரே.

மறுபுறம், இத்தோட்டத்தை அகற்றப்பட்ட ஊர்களின் நினைவுச்சின்னம் என்று எளிதில் கொண்டாடிவிடவும் முடியாது. அங்குள்ள வளையல் துண்டு எந்தக் கையில் இருந்தது என்று எவராலும் சொல்ல இயலாது. ஊரின் பெயரும் உரியவரின் பெயரும் அதில் இல்லை. துண்டு பிழைத்தது, அதன் கதை பிழைக்கவில்லை. அழகு இழப்பை மறக்கச் செய்யும் ஆபத்தும் இங்கு உண்டு. சுற்றுலாப் பயணிகள் புகைப்படம் எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். ஆய்வாளரின் வேலை அதன்பின்தான் தொடங்குகிறது: நில எடுப்பு ஆவணங்களையும் முதியோரின் நினைவுகளையும் இத்துண்டுகளுக்கு அருகே வைத்து வாசிக்க வேண்டும்.

அங்கீகாரம் பாதுகாப்பாகிவிடவில்லை. 1990-இல் தோட்டத்தின் ஊடே சாலை அமைக்கும் முயற்சியை நகரமக்கள் திரண்டு நின்று தடுத்தனர். 1996-இல் நேக் சந்த் வெளிநாடு சென்றிருந்தபோது சிற்பங்கள் சேதப்படுத்தப்பட்டன. 2015-இல் அவர் மறைந்தார். 2025 பிப்ரவரியில், சாலை விரிவாக்கத்துக்காகத் தோட்டச் சுவரின் ஒரு பகுதி எதிர்ப்புகளுக்கிடையே இடிக்கப்பட்டது. இடிபாடுகளைக் காத்த இடம் தானே இடிபாடாயிற்று. இம்முறை அவற்றைப் பொறுக்க மிதிவண்டியோடு வருவதற்கு அவர் இல்லை.

கார்பூசியேவின் கட்டட வளாகமும் நேக் சந்தின் தோட்டமும் ஒன்றுக்கொன்று அருகிலேயே இருக்கின்றன. கட்டடக்கலை மாணவர்கள் வழக்கமாக வளாகத்தைப் பார்த்துவிட்டு, நேரம் மிஞ்சினால் தோட்டத்துக்குச் செல்வார்கள். அவ்வரிசையை ஒருமுறை மாற்றிப் பார்க்கலாம். வளையல் பதித்த உருவங்களின் முன் சிறிது நேரம் நின்றுவிட்டுப் பின்னர் அந்த மாபெரும் கான்கிரீட் சுவர்களை நோக்கி நடந்தால், அவை எவற்றின்மேல் நிற்கின்றன என்ற கேள்வியும் உடன் வரும்.