இரண்டாவது முறை போட்ட மருந்து

கரையான்சாவடியில் ஆவடி பஸ் பிடித்தால் வழியில் பருத்திப்பட்டு வரும். ஆவடிப் பக்கம் நரிக்குறவர் குடியிருப்பு இருப்பது வெளியூர்க்காரர் பலருக்கு 2022-ல்தான் தெரிந்தது. அந்த ஏப்ரலில் முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின் அங்கே போய், ஒரு வீட்டில் காலை டிபன் சாப்பிட்டார். பஸ் ஸ்டாண்டில் பாசிமணி விற்கும் இவர்களில் பலரின் முன்னோர் தோளில் ஒரு காலத்தில் நாட்டுத் துப்பாக்கி தொங்கியது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்கு வழியில்லாமல் போனது.

அந்தத் துப்பாக்கிக்குக் கடையில் தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியே கரிமருந்து, அடைப்பு, ரவை, மறுபடி அடைப்பு என்று போட்டு கம்பியால் இடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கைவேலைதான்!

இதில் தப்பு செய்பவர் யார்? தெரியாதவர் மட்டும் இல்லை... நன்றாகத் தெரிந்தவரும்தான். மருந்து போட்டாச்சா இல்லையா என்ற குழப்பத்தில் இன்னொரு முறை போட்டுவிடுவார். வெளியிலிருந்து பார்த்தால் குழல் ஒன்றும் சொல்லாது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863-ல் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்ததும் களத்தில் பொறுக்கிய துப்பாக்கிகள் சுமார் 27,500. அவற்றில் 24,000 சுடப்படாமல் மருந்தோடு கிடந்தன. அதிலும் ஏறக்குறைய பாதியில் இரண்டு முறை போட்ட மருந்து! ஒன்றில் மட்டும் 23 முறை. எல்லாம் பயிற்சி பெற்ற சிப்பாய்கள். சத்தத்திலும் பதற்றத்திலும் தன் துப்பாக்கி வெடிக்கவில்லை என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் இன்றும் பலர், சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறார்கள். அவர்களுடைய தப்புகளும் அதே ரகம்தான்.

1. ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து போடுவது. குழலே வெடித்து விரலும் கண்ணும் போகும்.
2. மருந்தே போடாமல் மூடிவிடுவது. குண்டு குழலில் பாதியில் நிற்கும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் ஆபத்து.
3. மேஜையில் இரண்டு வகை மருந்து வைத்து டப்பாவை மாற்றி எடுப்பது. கரிமருந்துத் துப்பாக்கியில் புகையில்லா மருந்தைப் போட்டால் குழல் தாங்காது.
4. டி.வி. பார்த்துக்கொண்டே, பேசிக்கொண்டே செய்வது.

பரிகாரம் ரொம்ப சாதாரணம். மேஜையில் ஒரே மருந்து. மருந்துக் கம்பெனி அச்சிட்ட அளவில் குறைந்ததிலிருந்து ஆரம்பம். மூடும் முன் எல்லாக் கூட்டையும் வரிசையாக வைத்து, விளக்கு வெளிச்சத்தில் மருந்து மட்டத்தைப் பார்ப்பது. இடையில் யாராவது கூப்பிட்டால், அந்தக் கூட்டைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவது.

இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை ஏழு வருஷத்திலிருந்து ஆயுள் வரை. ஆகவே இங்கே யாரும் முயற்சி செய்ய வேண்டாம். செய்ய அனுமதி உள்ள ஊர்க்காரர்களுக்கு ஒரே விஷயம்: கூட்டுக்குள் எட்டிப் பார்க்க ஒரு நொடி போதும். மூடிய பிறகு பார்க்க முடியாது.