நாட்காட்டியில் சிவப்புப் புள்ளிகள்

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் ஓர் ஒற்றையறை வீடு. அவளுக்கு வயது 19, மடியில் கைக்குழந்தை. அடுத்த பிள்ளைக்கு இடைவெளி வேண்டும்; ஆயத்த ஆடை ஆலை வேலைக்குத் திரும்பவும் வேண்டும். அதற்காகவே மேற்கையின் தோலடியில் 4 செ.மீ. நீளக் குச்சி ஒன்றைப் பொருத்திக்கொண்டாள். மூன்றாண்டுகள் கருத்தரிப்பைத் தடுக்கும் ஹார்மோன் இம்ப்ளாண்ட் அது. 2023இல் நடுவண் அரசு 10 மாநிலங்களில் இதைக் குடும்பநலத் திட்டத்தில் சேர்த்தபோது, கர்நாடகமும் அவற்றுள் ஒன்று.

இரண்டாம் மாதம் முதல் கறை. நான்கு நாள் படும், மூன்று நாள் நிற்கும், மறுபடியும் படும். மருத்துவ நூல்கள் இதைப் பெரும்பாலும் ஆபத்தற்றது என்கின்றன. ஆனால் மாமியார் தீட்டுப் பார்ப்பவர். அந்நாட்களில் அடுப்பைத் தொடலாகாது. சாமி விளக்கை நெருங்கலாகாது. மாதம் மூன்று நாளுக்குப் பழகிய வீடு, பதினெட்டு நாளுக்கு எவ்வாறு பழகும்? "இவளுக்கு ஏதோ நோய்" என்ற பேச்சு எழுந்தது. அவள் கறையை மறைக்கத் தொடங்கினாள். துணியை இரவில் துவைத்துக் கட்டிலுக்கடியில் உலர்த்தினாள்.

இறுதியில் குச்சியை எடுத்துவிடச் சொல்லி மருத்துவமனைக்குச் சென்றாள். தமிழ் தெரிந்த செவிலியர் ஒருவர் அமரவைத்துப் பேசினார். கருவுற்றிருக்கிறாளா, தொற்று உண்டா, இரத்தசோகை உண்டா என்று முதலில் பார்த்தார்கள். இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ள நிலையில், கடைசிக் கேள்வி சம்பிரதாயமானதன்று. ஐந்து நாளுக்கு மெஃபனமிக் அமில மாத்திரை தரப்பட்டது. அதனால் நிற்கலாம், மீண்டும் வரவும் கூடும்.

"இது கெட்ட ரத்தமில்லம்மா. கர்ப்பப்பை உள்தோல் மெலிசாகி அங்கங்கே கசியுது. எடுக்கணும்னா இன்னைக்கே எடுக்கலாம், அது உன் இஷ்டம். பொறுத்துப் பார்க்கிறதுன்னா காலண்டர்ல குறிச்சு வை. அடுத்த தடவை மாமியாரையும் கூட்டிட்டு வா."

பல நாடுகளின் ஆய்வுகளில், ஏறத்தாழ 10இல் ஒருவர் இரத்தப்போக்கின் பொருட்டே இதை அகற்றியிருக்கிறார். அது அவர்களின் உரிமை. ஆனால் அறியாமல் அஞ்சி அகற்றுவதும், அறிந்து வேண்டாமென்பதும் ஒன்றல்ல.

அடுத்த மாதம் மாமியார் வந்தார். சிவப்புப் புள்ளிகளை விரல்விட்டு எண்ணினார். செவிலியர் சொன்னதை முழுதும் கேட்டார். பிறகு கேட்டது ஒன்றே: "இதை வைக்கும்போதே சொல்லியிருக்கலாமே, தாயி?"

அதற்கு அங்கே எவரிடமும் விடையில்லை.

குச்சி இன்னும் அவள் கையில் இருக்கிறது. மாமியார் தீட்டுப் பார்ப்பதை விடவில்லை. ஆனால் துணி இப்போது மாடியில், வெயிலில் உலர்கிறது.