கயிற்றுத் தடம்

2025 ஜனவரி 5, ஞாயிறு. பாலாவி.

மூன்று இராசாக்கள் திருநாள். பூசை முடிந்து வந்து, அம்மாவைக் கிணற்றடியில் உட்கார வைத்துத் தலைக்கு வார்த்தேன். குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும்தான் இந்தத் தண்ணி. வாயில் வைக்க முடியாது, சவர். சவர்க்காரமும் இலேசில் நுரைக்காது. குடிக்கிற தண்ணியை விலைக்கு வாங்குகிறோம்.

வார்க்கும்போது கிணற்றுக் கட்டின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். சீமெந்தில் கயிறு அறுத்த தடங்கள். கப்பி போட்டிருக்கிற பக்கத்தில் ஒன்றுமில்லை. மற்ற மூன்று பக்கமும் விரல் பதிகிற ஆழத்துக்கு வரிவரியாக இருக்கின்றன. சின்ன வயதில் அதில் தண்ணி விட்டு எறும்பு ஓட்டி விளையாடியிருக்கிறேன்.

பின்னேரம் பின்வளவு ராத்தா வந்தா. திண்ணையில் இருக்காமல் நின்றபடியே பேசினா. "தங்கச்சி, ஒரு விசயம் கேக்கணும். ஏலாதுண்டா ஏலாதுண்டு சொல்லு, மனசுல வெக்க மாட்டன்."

ராத்தாவின் வீட்டுக்காரர் நானாவுக்கு நெஞ்சு ஒப்பரேசன். கொழும்பில் 20 ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அரச ஆஸ்பத்திரியில் காசில்லைதான். ஆனால் வெளியில் எடுக்க வேண்டிய சோதனைகள், வெளியில் வாங்க வேண்டிய சாமான், கூட நிற்கிறவர்கள் தங்கிச் சாப்பிட வேண்டிய செலவு எல்லாம் இருக்கிறது. எங்கள் தெருச் சீட்டில் பன்னிரண்டு பேர், மாதம் 15,000. இந்த மாதம் என்னுடைய முறை. ராத்தாவின் முறை ஜூனில், கடைசி. மாற்றித் தர முடியுமா என்று கேட்டா.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவ போன பிறகு குசினிக் கூரையை அண்ணாந்து பார்த்தேன். அந்தக் காசு அதற்காக வைத்தது.

ஜனவரி 6, திங்கள்.

என் வீட்டுக்காரர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. "முறையை மாத்திறது பெரிசில்ல. எடுத்த பிறகு அஞ்சு மாசம் அவங்க கட்டணும். நானா கட்டில்ல கிடந்தா யார் கட்டுறது? சீட்டுப் பிடிக்கிற அக்கா எங்களைத்தான் கேப்பா. 75,000. உப்பளத்தில இந்த முறை எனக்கு எத்தனை நாள் வேலை கிடைச்சது, நீயே சொல்லு."

நானே சொல்ல முடியும். மழை விடாமல் பெய்து பாத்தியெல்லாம் தண்ணி. உப்பு விளையவில்லை. புத்தளத்தில் இருந்துகொண்டு, இந்தியாவிலிருந்து உப்பு வருகிறது என்று செய்தி கேட்கிறோம். முன்பள்ளியில் எனக்குத் தருகிற காசு மூத்தவளின் பஸ்ஸுக்கும் கொப்பிக்கும் போய்விடும். 2022 இல் அரிசிக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற ஞாபகம் இன்னும் உடம்பில் இருக்கிறது. கையில் நாலு காசு இல்லாமல் நிற்கக் கூடாது என்கிற பயத்தைப் பேராசை என்று யாரும் சொல்ல முடியாது. பிள்ளை பெற்றவளுக்கு அது கடமை மாதிரியே வருகிறது.

இன்று இன்னொரு நினைவு நாளும்கூட. மன்னார் வங்காலையில் மேரி பஸ்தியன் அடிகளார் சுடப்பட்டு இன்றோடு 40 வருடம். அதற்கு மூன்று வாரம் முன்னால், 1984 டிசம்பரில், அதே மாவட்டத்தில் மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் கொல்லப்பட்டிருந்தார். இப்படியான காலத்திலும் தன் சனத்தோடு இருந்தவர் பஸ்தியன் அடிகளார். 2009 இல் இறுதி யுத்தத்தின்போது சரத்ஜீவன் அடிகளாரும் அப்படித்தான். கிளிநொச்சியிலிருந்து சனம் நகர நகர அவரும் நகர்ந்து, மே 18 இல் உடம்பு தாங்காமல் இறந்துபோனார். இவர்களுக்காகச் செபிக்கும்போது, ஒரு சீட்டு முறைக்கு இரண்டு நாள் யோசிக்கிறவள் நான் என்பது தொண்டையில் நின்றது.

ஜனவரி 9, வியாழன்.

அம்மாவிடம் கிணற்றைப் பற்றிக் கேட்டேன். அவவுக்குக் கண் மங்கிவிட்டது, நினைவு மங்கவில்லை.

1990 ஒக்டோபர் கடைசி. எனக்குப் பத்து வயது. வடக்கிலிருந்து முஸ்லிம் சனம் முழுவதையும் புலிகள் வெளியேற்றினார்கள். 70,000 க்கும் மேற்பட்டவர்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியாலம்தான் கொடுத்தார்கள். மன்னார்த் தீவிலிருந்து சனம் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியது. ராத்தாவின் குடும்பம் எருக்கலம்பிட்டி. அவவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. சொப்பிங் பையில் ஒரு உடுப்போடு வந்தவ. புத்தளத்து முஸ்லிம்கள் வீட்டையும் பள்ளிவாசலையும் திறந்துவிட்டார்கள், பாடசாலைகளிலும் சனம் நிறைந்தது. பெரிய பாரத்தைச் சுமந்தவர்கள் அவர்கள்தான், எங்கள் பங்கு சின்னது. எங்கள் பின்வளவுக்கு அப்பால் ஓலைக் கொட்டில்கள் எழும்பின. அந்தச் சுற்றில் நல்ல தண்ணிக் கிணறு எங்களுடையது ஒன்றுதான். அப்பா வேலியில் ஆள் நுழைகிற அளவு கிடுகைப் பிரித்துவிட்டார்.

இந்தக் கரையில் நல்ல தண்ணி என்பது, நிலத்துக்கடியில் உப்புத் தண்ணிக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிற மழைத் தண்ணி. உப்புத் தண்ணி கனம், மழைத் தண்ணி இலேசு. நல்ல தண்ணியின் மட்டம் ஓர் அடி இறங்கினால் அடியிலிருக்கிற உப்பு நாற்பது அடி மேலே ஏறி வரும் என்று பிறகு புவியியல் படிக்கும்போது தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. ஆனால் கிணற்றை அளவுக்கு மேல் இறைத்தால் சவராகும் என்று இங்கே தென்னைக்குத் தண்ணி விடுகிற எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

இரண்டாவது கோடையில் பருப்பு வேகாமல் போனது. அதுதான் முதல் அடையாளம். அம்மா பேசாமல் இன்னும் இரண்டு விறகு வைத்தா. பிறகு தேத்தண்ணி கரித்தது. அதற்குப் பிறகு வந்த எந்த மாரியும் அந்தக் கிணற்றைப் பழையபடி ஆக்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் மனசாரத்தானே குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"நானா? ராவிருட்டில அவங்க அள்ளுற வாளிச் சத்தத்தை எண்ணிட்டுக் கிடப்பன். முப்பது, முப்பத்தொண்டு எண்டு. கொப்பரோட எத்தினை சண்டை. கப்பியக் கழட்டி வையுங்க எண்டன். அவர் போய் இன்னும் மூண்டு கயிறு வாங்கிட்டு வந்தார்."

இத்தனை வருடமும் அம்மாதான் அதைத் தொடக்கியவ என்று நினைத்திருந்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு.

பூசையில் யோசேவாஸ் அடிகளாரின் திருநாள் அறிவித்தல் வந்தது. அவருடைய சரித்திரத்தை மறுபடி எடுத்து வாசித்தேன்.

1658 இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருக்களுக்கு இங்கே இடமில்லை. ஏறத்தாழ முப்பது வருடம் குருவே இல்லை. 1687 இல் கோவாவிலிருந்து இந்த மனிதர் பிச்சைக்காரர் வேடத்தில் தூத்துக்குடியில் தோணி ஏறி வந்தார். வந்ததுமே வயிற்றோட்டம் கண்டு விழுந்தார் என்றும், யாரோ ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துக் காப்பாற்றினா என்றும் சொல்வார்கள். அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. அவ கொடுத்த கஞ்சியில்தான் இலங்கைத் திருச்சபை பிழைத்தது என்பேன்.

யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் தேடத் தொடங்கியதும் 1690 இல் அவர் புத்தளம் வந்து சேர்ந்தார். கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டை இருந்தது, அது இன்றும் நிற்கிறது. புத்தளம் அப்போது கண்டி அரசனுக்குரியது. பிடிப்பார் இல்லை. எங்கள் ஊர் அவருக்குப் பத்திரமான ஊர்! முன்னூறு வருடம் கழித்து எருக்கலம்பிட்டிச் சனத்துக்கும் இது பத்திரமான ஊராகத்தான் இருந்தது. உயிர் தப்பி வந்த இடத்தில் அப்படியே இருந்துவிட்டால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இங்கேயும் அவருக்கு வேலை நிறைய இருந்தது. ஆனால் 1692 இல் கண்டிக்கு நடந்தார். உளவாளி என்று சொல்லி அடைத்து வைத்தார்கள்.

கோயில்களில் அவரைப் பற்றிச் சொல்லும்போது செபித்து மழை வருவித்த புதுமையைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். என் மனம் 1697 இல்தான் நிற்கிறது. கண்டியில் வைசூரி பரவியது. அரசன் விமலதர்மசூரியன் நகரை விட்டுப் போனான், போகக்கூடியவர்கள் எல்லாரும் போனார்கள். நோயாளிகளைச் சொந்தச் சனமே காட்டோரம் விட்டுவிட்டுப் போனது. அடிகளாரும் அவருடைய மருமகன் கர்வாலியோ அடிகளாரும் நகரத்திலேயே நின்றார்கள். ஆளில்லாத வீடுகளில் நோயாளிகளைக் கிடத்திச் சீழ் கழுவி, கஞ்சி ஊட்டி, செத்தவர்களைக் கையால் எடுத்துப் புதைத்தார்கள். கிறிஸ்தவரா, பௌத்தரா என்று பார்க்கவில்லை. அதில் புதுமை ஒன்றும் இல்லை. காலையில் கழுவிய புண் மாலையில் மறுபடி சீழ் வைத்திருக்கும். சுரூபங்களில் அவர் கையில் சிலுவையை உயர்த்திப் பிடித்திருப்பார். மற்றக் கையில் ஒரு கஞ்சிச் சட்டியும் வைத்தால் பிள்ளைகளுக்கு அவர் யார் என்று விளங்கும்.

ஜனவரி 14, செவ்வாய். தைப்பொங்கல்.

பத்து வருடம் முன்னால் இதே நாள் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் யோசேவாஸ் அடிகளாருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். இரவு முழுக்க பஸ்ஸில் போய் அம்மாவோடு அங்கே நின்றேன். திரும்பி வரும்போது நெஞ்சு நிறைந்து, எதையும் கொடுத்துவிடலாம் போல இருந்தது. அதற்குச் சோதனை 2019 இல் வந்தது.

அந்த வருடம் உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 21 இல் வந்தது. யோசேவாஸ் அடிகளார் பிறந்த தேதியும் அதுதான். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் கோயில்களில் குண்டு வெடித்தது. சீயோனில், குண்டோடு வந்தவனை உள்ளே விடாமல் வாசலிலேயே மறித்த ஒருவர் அங்கேயே இறந்தார். உள்ளே இருந்த நூற்றுக்கணக்கானவர்கள் அவரால் தப்பினார்கள். அதைக் கேட்டு அழுதேன். ஆனால் அடுத்த மூன்று வாரம் பின்வேலிப் பக்கம் நான் போகவில்லை. பிள்ளைகளையும் விடவில்லை.

மே 12 இல் சிலாபத்தில் முஸ்லிம்களுக்கு எதிராகத் தொடங்கிய கலவரம் அடுத்த நாள் நாத்தாண்டியாப் பக்கம் வந்து, கொட்டாரமுல்லையில் ஒரு தச்சுத் தொழிலாளியைக் கொன்றது. இங்கே ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றிரவு யாருக்கும் அது தெரியாது. பத்து மணிக்குப் பின்கதவில் ராத்தாவின் குரல். மகள்மார் இரண்டு பேரையும் இன்றிரவு மட்டும் வைத்திருக்க முடியுமா என்று கேட்டா. நான் கொண்டியில் கை வைத்தபடி நின்றேன். வீட்டில் முஸ்லிம் பிள்ளைகள் இருப்பது தெரிந்து யாராவது வந்தால்? என் பிள்ளைகள்? அரை நிமிடம் இருக்கும். அதற்குள் அம்மா எழும்பி வந்து என் கையைத் தள்ளிவிட்டுக் கொண்டியை இழுத்தா. வாளிச் சத்தம் எண்ணிய அதே அம்மா. பாயை விரித்துத் தன் பக்கத்தில் அவர்களைப் படுக்க வைத்தா.

அந்த அரை நிமிடத்தை ராத்தா கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டிருப்பா. ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். அவவிடம் சொல்லவில்லை.

ஜனவரி 15, புதன்.

சாரிபாத்துக் கைம்பெண்ணை நினைத்துக்கொண்டு கிடந்தேன். கடைசி மாவில் எலியாவுக்கு முதல் அப்பம் சுட்டுக் கொடுத்தவள். அவளும் முதலில் தன்னிடம் இருக்கிறதைக் கணக்குச் சொன்னாள். பிறகுதான் கொடுத்தாள். அவள் பானையில் மா குறையவில்லை. எங்கள் கிணறு சவராகிவிட்டது. இதைப் பிரசங்கத்தில் யாரும் சொல்வதில்லை. கொடுத்தால் இரட்டிப்பாகத் திரும்பி வரும் என்றே கேட்டுப் பழகிவிட்டோம். திரும்பி வருவதென்றால் அது கொடுப்பதில்லை, அதுவும் ஒரு சீட்டுத்தான். கிறிஸ்து கெத்சமனியில் வேர்த்தபோது அந்தக் கிண்ணம் விலகவில்லை. அவருக்கும் பயம் இருந்தது என்பதுதான் எனக்குள்ள ஒரே தைரியம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கூரைக்கு ஒரு தறப்பாளைக் கட்டிவிடலாம், அந்த 75,000 எங்கள் தலையில் விழுந்தால் காதில் கிடக்கிறதை வைத்துக் கட்டுகிறேன் என்று. கன நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தறப்பாள் அரை மணித்தியால வேலை" என்றார்.

ஜனவரி 16, வியாழன். யோசேவாஸ் அடிகளார் திருநாள்.

1711 இல் இதே நாளில் கண்டியில் இறந்தார். வைசூரிக்குப் பிறகும் பதினான்கு வருடம் வேலை செய்திருக்கிறார்.

பூசை முடிந்து நேரே சீட்டுப் பிடிக்கிற அக்கா வீட்டுக்குப் போனேன். கொப்பியில் என் பெயரை வெட்டி ராத்தாவின் பெயரை எழுதினா. பக்கத்தில், பொறுப்பு நான் என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டா. போட்டேன். கை நடுங்கியது. காசை எண்ணி ராத்தாவின் கையில் கொடுத்தபோது, கதவடியில் நான் நின்ற அந்த அரை நிமிடத்தையும் சொல்லிவிட்டேன். அவ முந்தானையால் என் முகத்தைத் துடைத்தா. "நானும் ஒன்ட கதவத் தட்ட முந்தி வேலியடியில கன நேரம் நிண்டனே, தங்கச்சி" என்றா.

ஜனவரி 20, திங்கள்.

விடிய மூன்று மணிக்கு மழை. தறப்பாள் ஒரு மூலையில் கிழிந்துவிட்டது. அடுப்படியில் சட்டி வைத்திருக்கிறேன். நாலு மணி பஸ்ஸுக்கு அவர்கள் புறப்பட்டார்கள். நானா மெதுவாக, ஒவ்வொரு அடியாக எண்ணி வைப்பது மாதிரி நடந்தார். ராத்தா வேலியடியில் வந்து வீட்டுச் சாவியை என் கையில் வைத்தா. பூனைக்குச் சோறு வைக்கச் சொன்னா. பிறகு மழையில் கிணற்றடிக்குப் போய், வாளியில் கிடந்த தண்ணியில் காலைக் கழுவிக்கொண்டு செருப்பை மாட்டினா.